சிராப்பள்ளிக் குன்றின் படிவழியும் உச்சிக் காட்சியும்: ஏறிக் காணலின் வரலாறு

முன்னுரை

திருச்சிராப்பள்ளி நகரின் நடுவே ஏறத்தாழ 83 மீட்டர் உயரத்தில் நிற்கும் பாறைக்குன்று பல துறையினரின் ஆய்வுக்கு உட்பட்டது. அதன் குடைவரைகளைக் கலை வரலாற்றாய்வாளரும், கல்வெட்டுகளைச் சமய வரலாற்றாய்வாளரும், கோட்டையைப் போர் வரலாறு எழுதியோரும் தனித்தனியே நோக்கியுள்ளனர். ஆயின் இக்குன்றுக்கு வருவோர் அனைவரும் செய்யும் செயல் ஒன்று உண்டு. நானூற்றுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி, உச்சியில் நின்று, காவிரியையும் அதன் இருகரை நிலத்தையும் காண்பதே அது. இச்செயல் அண்மைக்காலச் சுற்றுலா வழக்கமாகக் கருதப்பட்டு ஆய்வுகளில் இடம்பெறாமல் போயிற்று.

கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வடமொழிக் கல்வெட்டு ஒன்று, இக்குன்றின்மீது கோயில் எழுந்ததற்குக் காரணமாக இக்காட்சியையே கூறுகிறது. உயர்ந்த இடத்தில் ஏறி நின்று தாழ்ந்த நிலத்தைக் காணும் செயல் இக்கட்டுரையில் 'ஏறிக் காணல்' எனப்படுகிறது. சிராப்பள்ளிக் குன்றில் யார் ஏறினர், எதைக் கண்டனர், அக்காட்சி யாருக்கு உரியதாக இருந்தது என்னும் வினாக்களைக் காலமுறைப்படி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. குன்றும் படிவழியும்

குன்றின் அடிவாரத்தில் மாணிக்க விநாயகர் கோயிலும், இடையில் தாயுமானவர் கோயிலும், உச்சியில் பிள்ளையார் கோயிலும் அமைந்துள்ளன. இம்மூன்றையும் இணைப்பது படிவழி. இதன் கீழ்ப்பகுதி பாறையைக் குடைந்தும் மண்டபங்களை அடுக்கியும் அமைக்கப்பட்டது. இருபுறமும் சுவரும் மேலே கூரையும் இருப்பதால், ஏறுவோர் நெடுந்தொலைவுக்கு வெளியுலகைக் காண்பதில்லை. தாயுமானவர் கோயிலைக் கடந்து மேலேறிய பின்னரே பாறை திறந்து வெளிச்சம் வருகிறது. அங்கிருந்து உச்சி வரையுள்ள படிகள் திறந்த பாறையில் செல்கின்றன.

இவ்வமைப்பு ஒரே காலத்தில் திட்டமிடப்பட்டதன்று. பல நூற்றாண்டுகளில் பலர் செய்த பணிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து இன்றைய படிவழி உருவாயிற்று. எனினும் ஏறுவோர்க்கு அது தரும் பட்டறிவு ஒன்றே. நெடுநேரம் மறைக்கப்பட்ட காட்சி இறுதியில் ஒருங்கே புலனாகிறது. வடக்கே காவிரியும் திருவரங்கத் தீவும், மேற்கே சோழரின் பழைய தலைநகரான உறையூரும், தென்கிழக்கே பொன்மலையும் தெரிகின்றன. 1987இல் கட்டி முடிக்கப்பட்ட திருவரங்கத்து இராசகோபுரம் இன்று இக்காட்சியின் முதன்மை அடையாளம்.

2. ஏறிக் காணல்: பழந்தமிழ்ச் சான்றுகள்

குன்றேறிக் காண்பது பழந்தமிழ்ப் பாடல்களில் பொருள் பொதிந்த செயலாக வருகிறது. வள்ளுவர் பொருள்செயல்வகை அதிகாரத்தில், தன் கைப்பொருளைக் கொண்டு ஒரு வினையைத் தொடங்குபவனைக் குன்றின்மேல் நின்று யானைப்போரைக் காண்பவனோடு ஒப்பிடுகிறார் (குறள் 758). இங்கு உயரம் பாதுகாப்பைக் குறிக்கிறது. கீழே நிகழும் பூசலை அச்சமின்றிக் காணும் உரிமை, உயரத்தில் நிற்பவனுக்கே உண்டு.

புறநானூற்றின் 116ஆம் பாடல் இதற்கு மறுதலையான நிலையைக் காட்டுகிறது. பாரி வீழ்ந்தபின் அவன் மகளிரின் நிலை கண்டு கபிலர் வருந்திப் பாடியது அது. தந்தையின் மலையில் வாழ்ந்தபோது அம்மகளிர் உயர்ந்த முகட்டில் ஏறி, முற்றுகையிட்டிருந்த வேந்தரின் குதிரைகளை எண்ணி விளையாடினர். இப்போது அவர்கள் ஒரு குப்பைமேட்டில் ஏறி நின்று, கீழே செல்லும் உப்பு வணிகரின் வண்டிகளை எண்ணுகின்றனர். ஏறுதலும் காணுதலும் எண்ணுதலும் இரு நிலையிலும் ஒன்றே. நின்ற இடம் மட்டும் மாறிவிட்டது. நாடு இழந்ததைக் கபிலர் காட்சியின் உயரம் தாழ்ந்ததைக் கொண்டு உணர்த்துகிறார். இதனால், உயரத்தினின்று காண்பது உரிமையோடும், அக்காட்சியை இழப்பது நாடிழத்தலோடும் சேர்த்து எண்ணப்பட்டமை புலனாகிறது. சிராப்பள்ளிக் கல்வெட்டை நோக்குவதற்கு இப்பின்னணி தேவையானது.

3. பள்ளியும் படுக்கையும்

இக்குன்றில் முதலில் ஏறித் தங்கியோர் துறவியர். உச்சிப்பிள்ளையார் கோயிலை ஒட்டிய இயற்கைக் குகைத்தளத்தில் கற்படுக்கைகள் உள்ளன. அங்குள்ள பழைய எழுத்துப் பொறிப்புகளுள் ஒன்று 'சிரா' என்னும் பெயரைத் தருகிறது. அதனைத் துறவி ஒருவரின் பெயராகக் கொண்டு, அவர் தங்கிய பள்ளியே 'சிராப்பள்ளி' ஆயிற்று என ஆய்வாளர் சிலர் கருதுவர். மூன்று தலைகளையுடைய திரிசிரன் வழிபட்டதால் ஊர் இப்பெயர் பெற்றது எனப் பிற்காலப் புராண மரபு கூறுகிறது. 'பள்ளி' என்னும் சொல் சமணத் துறவியரின் உறைவிடத்தைக் குறிக்க ஆளப்பட்டமை நோக்க, முதற்கருத்து வலுவுடையதாகத் தோன்றுகிறது.

கற்படுக்கைகள் உச்சிக்கு மிக அருகில் இருந்தும், அவை பாறையின் மறைவான பகுதியில் அமைந்திருப்பது கருதத்தக்கது. நிலத்தைக் காண ஏறியவர்களின் இடமாக அது தோன்றவில்லை. ஊரினின்று விலகியிருப்பதற்கு உயரம் துணைசெய்தது. இடர்மிகுந்த பாறையில் ஏறுவது நோன்பின் ஒரு பகுதியாகவும் இருந்திருக்கலாம். எனவே இக்குன்றின் முதற்கட்டத்தில் ஏறுதல் இருந்தது. காணல் அதன் நோக்கமாக இருந்தமைக்குச் சான்றில்லை.

4. குணபரன் கல்வெட்டு கூறும் காரணம்

ஏறுதலுக்குக் காணல் நோக்கமாவது முதலாம் மகேந்திரவர்மன் காலத்திலேயே சான்றுடன் தெரிகிறது. அவன் தந்தை சிம்மவிஷ்ணுவின் காலத்தில் பல்லவர் ஆட்சி காவிரிக்கரை வரை பரவியது. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகேந்திரவர்மன் இக்குன்றின் மேற்பகுதியில் ஒரு குடைவரைக் கோயிலை அகழ்ந்தான். அவனுடைய விருதுப்பெயரால் அது இலளிதாங்குர பல்லவேச்சுரம் எனப் பெயர் பெற்றது. அதன் மேற்குச் சுவரிலுள்ள கங்காதரர் சிற்பத்தின் இருபுறத்துத் தூண்களிலும் வடமொழிச் செய்யுள்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இவற்றை ஊல்ச்சு பதிப்பித்து, 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் 33, 34 ஆம் எண்களாக வெளியிட்டார்.

இக்கல்வெட்டு பெரும்பாலும் ஒரு வினாவுக்கு விடைகாணவே பயன்படுத்தப்பட்டு வந்துள்ளது. குணபரன் என்னும் பெயருடைய அரசன் இலிங்க வழிபாட்டினன் ஆனதையும், மாறான நெறியினின்று மீண்ட அறிவு அதனால் பரவுவதையும் ஒரு செய்யுள் கூறுகிறது. பெரியபுராணம், திருநாவுக்கரசரால் சைவம் சார்ந்த பல்லவன் திருவதிகையில் குணபர ஈச்சரம் எடுத்ததைக் கூறும். இவ்விரண்டையும் இணைத்து, மகேந்திரவர்மன் சமணத்தினின்று சைவத்துக்கு மாறினான் என்னும் முடிவு நிறுவப்பட்டது. மா. இராசமாணிக்கனாரின் 'பல்லவர் வரலாறு', மயிலை சீனி. வேங்கடசாமியின் 'மகேந்திரவர்மன்' முதலிய நூல்கள் வழி இது தமிழ்க் கல்வியுலகில் நன்கு அறியப்பட்டது. அச்செய்யுளுக்குத் தருக்க நூல் சார்ந்த வேறு பொருள் உண்டு என்பாரும் உளர்.

சமயமாற்ற வினாவில் கருத்தூன்றியதால் அதே கல்வெட்டின் பிற செய்யுள்கள் அழகிய கற்பனைகளாக மட்டுமே கருதப்பட்டன. அவற்றுள் மூன்று இங்குக் கருதத்தக்கன. முதலாவது, சிவன் அரசனை நோக்கி ஒரு வினா எழுப்பியதாகக் கூறுகிறது. நிலமட்டத்தில் உள்ள கோயிலில் நின்றுகொண்டு சோழரின் பெருமையையும் காவிரியையும் தான் எங்ஙனம் காண்பது என்பது அவ்வினா. அதற்கு விடையாகவே, முகில் தொடும் இம்மலைக்கோயிலைக் குணபரன் இறைவனுக்கு அளித்தான் என்று அச்செய்யுள் முடிகிறது.

இரண்டாவது செய்யுள் மலைமகளின் அச்சத்தைக் கூறுவது. ஆறுகளை விரும்பும் இயல்புடைய சிவன், கண்ணுக்கினிய நீரும் சோலை மாலையும் கொண்ட காவிரியைக் கண்டு காதல் கொள்ளக்கூடும் என அவள் அஞ்சுகிறாள். அதனால் பிறந்தகம் விட்டு இம்மலையிலேயே தங்கி, காவிரி பல்லவனுக்கு உரியவள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது செய்யுள் இம்மலையைச் சோழநாட்டின் முடியாகவும், கோயிலை அம்முடியின் மணியாகவும் உருவகம் செய்கிறது.

இம்மூன்றையும் சேர்த்து நோக்கின் ஒரு தெளிவான கருத்தோட்டம் புலனாகிறது. கோயில் மலைமேல் எழுந்ததற்குக் காரணம் காட்சி. காணப்படும் நிலம் சோழருடையது. ஆறு சோழநாட்டின் ஆறு. ஆயினும் அதன் உரிமை பல்லவனுக்கு என அறிவிக்கப்படுகிறது. அரசன் தானே உயரத்தில் நின்று வென்ற நாட்டைக் காண்பதாகக் கல்வெட்டு கூறவில்லை. இறைவன் காண விரும்பினான் எனக் கூறுகிறது. வெற்றிகொண்டவனின் பார்வை, வழிபடப்படுபவனின் பார்வையாக மாற்றப்படுகிறது. காதல், ஊடல் என்னும் அகப்பொருள் போன்ற சட்டகத்துக்குள் நில உரிமையைப் பற்றிய கூற்று வைக்கப்பட்டிருப்பது இக்கல்வெட்டின் தனிச்சிறப்பாகும்.

5. குடைவரையின் திசையமைப்பு

கல்வெட்டின் கூற்றைக் கட்டட அமைப்போடு ஒப்பிடும்போது ஒரு சிக்கல் எழுகிறது. குடைவரை தெற்கு நோக்கியது. கருவறை கிழக்குச் சுவரில் மேற்கு நோக்கி அகழப்பட்டுள்ளது. காவிரியோ குன்றுக்கு வடக்கே ஓடுகிறது. ஆகவே கருவறையில் இருந்த இறைவனின் நேர்நோக்கில் காவிரி இல்லை. காண்பதற்காக ஏறிய இறைவனுக்குக் காட்சி மறைக்கப்பட்டதா என்னும் வினா இயல்பாகவே எழும்.

கருவறைக்கு எதிரே மேற்குச் சுவரில் உள்ள சிற்பத்தை நோக்கின் இதற்கு ஒரு விடை கிடைக்கிறது. அதில் சிவன் தன் சடைக்கற்றை ஒன்றைக் கையில் ஏந்தி, வானினின்று இறங்கும் கங்கையை ஏற்கிறான். கங்கை சிற்றுருவினளாய்க் கைகூப்பி வருகிறாள். கருவறை இறைவன் எந்நேரமும் காண்பது, ஆறு ஒன்று தன்னிடம் வந்தடையும் இக்காட்சியையே. வெளியே உள்ள காவிரிக்கு ஈடாக, உள்ளே கல்லில் ஓர் ஆறு வைக்கப்பட்டுள்ளது எனக் கொள்ளலாம். ஆறுகளை விரும்புபவன் என்று கல்வெட்டு சிவனைச் சுட்டுவதும், அது இச்சிற்பத்தின் இருபுறத்திலேயே பொறிக்கப்பட்டிருப்பதும் இக்கருத்துக்கு அரண் செய்கின்றன.

அரசனின் உடல் கல்லில் அமைக்கப்பட்டு, அதனால் அவன் புகழுடம்பும் நிலைபெற்றது என்னும் கருத்துடைய செய்யுளும் இங்கு உண்டு. அது அரசனின் உருவச்சிலையைக் குறிக்கிறதா, கங்காதரர் சிற்பமே அரசனின் சாயலில் செதுக்கப்பட்டதா என்பது ஆய்வாளரிடையே விவாதிக்கப்படுவது. எவ்வாறாயினும், ஆற்றை ஏற்கும் இறைவனும் ஆற்றுக்கு உரிமை கூறும் அரசனும் ஒரே இடத்தில் ஒருவரையொருவர் நினைவூட்டும்படி அமைக்கப்பட்டனர் என்பது தெளிவு. மேலும், கருவறை நோக்கும் மேற்குத் திசையிலேயே உறையூரும் உள்ளது. இடையே பாறைச்சுவர் நிற்பினும், சோழரின் பெருமையைக் காணும் விருப்பம் என்னும் கூற்றுக்கு இத்திசை பொருந்துகிறது. பல்லவர் குடைவரைகள் பிறவற்றின் திசையமைப்போடு விரிவாக ஒப்பிட்டே இதனை முடிவாகக் கூற இயலும்.

6. மேற்கு நோக்கிய தாயுமானவர்

திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் சிராப்பள்ளியைப் பாடியுள்ளனர். இடைக்காலத்தில் வேம்பையர்கோன் நாராயணன் பாடிய சிராமலை அந்தாதி, பாறையிலேயே வெட்டப்பட்டது. ஓர் இலக்கியம் முழுவதும் கல்லில் பொறிக்கப்பட்டமைக்கு அரிய சான்று இது. பல்லவனின் வடமொழிப் பொறிப்பு நின்ற மலையில் தமிழ் அந்தாதி இடம்பெற்றமை, இக்குன்று தமிழ்ப் பத்தி மரபுக்கு முழுமையாக உரியதாகிவிட்டதைக் காட்டுகிறது. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் ஆதித்தன் பல்லவரை வென்றபின், குன்றிலிருந்து தெரியும் நிலம் மீண்டும் சோழருடையதாயிற்று.

குன்றின் இடைப்பகுதியிலுள்ள தாயுமானவர் கோயிலிலும் கருவறை மேற்கு நோக்கியது. கொடிமரம் சந்நிதிக்குப் பின்புறத்தில் நிற்கிறது. இவ்வியல்புக்கு மாறான அமைப்புக்குத் தலபுராண மரபு ஒரு காரணம் கூறும். சாரமாமுனிவர் இறைவனுக்கு வளர்த்த செவ்வந்தி மலர்களை உறையூர் அரசன் தன் பயன்பாட்டுக்குக் கொண்டான். முனிவர் முறையிட, இறைவன் உறையூர் இருக்கும் மேற்குத் திசையை நோக்கித் திரும்பினான். அவன் சினந்து நோக்கியதால் மண்மாரி பொழிந்து உறையூர் அழிந்தது. சைவ எல்லப்ப நாவலரின் செவ்வந்திப் புராணம் இத்தலத்துக்கு உரியது.

பல்லவக் கல்வெட்டையும் இப்புராணச் செய்தியையும் அருகருகே வைத்து நோக்கவேண்டும். முன்னதில் இறைவன் சோழரின் பெருமையைக் காண விரும்பி மலையேறுகிறான். பின்னதில் மலைமேல் நின்ற இறைவன் சோழரின் தலைநகரை நோக்கித் திரும்பி அதனை அழிக்கிறான். வடமொழிச் செய்யுளிலிருந்து புராணச் செய்தி தோன்றியது எனக் கூறுவதற்குச் சான்றில்லை. ஒரே நில அமைப்பு, இருவேறு காலத்தவரை ஒரே வகையான எண்ணத்துக்குத் தூண்டியது எனலாம். உயரத்தில் உள்ள குன்றும், அதன் கண்ணெதிரே கிடக்கும் பழைய தலைநகரும் எந்தக் காலத்தவர்க்கும் கதை கூறத்தக்கனவாக இருந்தன.

பிற தலச்செய்திகளும் குன்றையும் ஆற்றையும் இணைத்தே அமைகின்றன. பேறுகாலத்தில் தவித்த மகளிடம் வரமுடியாமல் தாயைத் தடுத்தது காவிரி வெள்ளம். இறைவன் தாயாக வந்து தாயுமானவன் ஆனான். வீடணன் கொண்டுவந்த அரங்கன் திருமேனியைக் காவிரிக்கரையில் இறக்கிவைத்துவிட்டு ஓடிய பிள்ளையார் ஏறி நின்ற இடம் உச்சி. ஆற்றங்கரையிலிருந்து குன்றும் குன்றிலிருந்து ஆற்றங்கரையும் தெளிவாகத் தெரிவதே இக்கதைகளுக்கு நிலைக்களம்.

7. கோட்டையும் தொலைநோக்கியும்

நாயக்கர் காலத்தில் குன்றைச் சூழ்ந்து கோட்டை எழுந்தது. மதுரை நாயக்கர்க்குத் திருச்சிராப்பள்ளி தலைநகராகவும் விளங்கியது. 1736இல் சந்தா சாகிபு இந்நகரைக் கைப்பற்றியதோடு நாயக்கர் ஆட்சி முடிவுற்றது. 1741இல் மராத்தியர் நகரைக் கைக்கொண்டனர். 1751இல் முகமது அலி இக்கோட்டைக்குள் இருக்க, சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் முற்றுகையிட்டனர். அம்முற்றுகையைத் தளர்த்தவே இராபர்ட்டு கிளைவு ஆர்க்காட்டைத் தாக்கினார்.

இப்போர்களின் வரலாற்றை எழுதிய இராபர்ட்டு ஓர்ம், 1763இல் வெளிவந்த தம் நூலின் முதல் தொகுதியில் குன்றின் உச்சியைப் பற்றி ஒரு செய்தி தருகிறார். உச்சியிலுள்ள கோயில் போர்க்காலம் முழுவதும் ஆங்கிலேயர்க்குப் பெரிதும் பயன்பட்டது. தொலைநோக்கியுடன் ஒருவர் அங்கு எப்போதும் நிறுத்தப்பட்டிருந்தார். பகைவரின் ஒவ்வொரு நகர்வையும் அவர் சைகைகளாலும் எழுத்தாலும் கீழே உள்ளோர்க்கு அறிவித்து வந்தார். 1752 சூனில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது, குன்றின் உச்சியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் திருவரங்கத் தீவிலேயாகும். சந்தா சாகிபும் அப்போது கொல்லப்பட்டார்.

ஓர்ம் தரும் செய்தியில் தொலைநோக்கியோடு நின்றவரின் பெயர் இல்லை. பல்லவக் கல்வெட்டில் காண்பவன் இறைவன். அவனுக்குக் காட்சியை அளித்தவன் பெயர் கூறப்பட்ட அரசன். 18ஆம் நூற்றாண்டில் காண்பவன் பெயரற்ற ஒரு பணியாள். அவன் கண்டது அவனுக்காக அன்று, கீழே கட்டளையிடுவோர்க்காக. பாரி மகளிர் விளையாட்டாகச் செய்ததாகக் கபிலர் கூறிய செயல், பகைவரின் குதிரைகளை உயரத்தினின்று எண்ணுவது, இங்கு முழுநேரத் தொழிலாயிற்று.

போர்கள் ஓய்ந்தபின் குன்று தானே காட்சிப்பொருளாயிற்று. 1792இல் தென்னிந்தியாவில் பயணம் செய்த தாமசு தேனியல், வில்லியம் தேனியல் ஆகியோர் இப்பாறையைக் காவிரிப் பக்கமிருந்து ஓவியமாக்கினர். 1858இல் இலினேயசு திரைப்பு இதனை ஒளிப்படங்களில் பதிவு செய்தார். குன்றின்மீது நின்று ஆற்றைக் காண விரும்பிய கல்வெட்டுக்கு மாறாக, இவர்கள் கீழே நின்று குன்றைக் கண்டனர். உயரத்தின் படைப்பயன் குறைந்ததும் கோட்டைச் சுவர்கள் தேவையற்றனவாயின. 19ஆம் நூற்றாண்டில் அவை பெரும்பகுதி இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டது.

8. படிவழியில் மக்கள்

காட்சி அனைவர்க்கும் உரியதாவதற்குப் படிவழி அனைவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். படிவழியின் வரலாற்றில் இவ்வகையில் இரு ஆண்டுகள் நினைவிற்கொள்ளத் தக்கன.

1849இல் பிள்ளையார் விழாவின்போது குன்றில் திரண்ட கூட்டத்தில் அச்சம் பரவி நெரிசல் ஏற்பட்டு, ஏறத்தாழ 250 பேர் உயிரிழந்ததைப் பழைய பயணக் கையேடுகள் கூறுகின்றன. சுவர்களுக்கிடையே குறுகி, இருண்டு, ஒருவழியாகச் செல்லும் படிக்கட்டில் பெருங்கூட்டம் திரும்பி இறங்க முயன்றால் நேரும் இடரை இதனால் உணரலாம். அரசர்க்கும் காவலர்க்கும் அரணாக இருந்த அதே குறுக்கம், மக்கள் திரளுக்குப் பேரிடராயிற்று. அரசர்களின் பெயர்கள் கல்லில் நிலைபெற்ற குன்றில், இவ்வாறு இறந்தோர் எண்ணிக்கையால் மட்டுமே அறியப்படுகின்றனர்.

மற்றோர் ஆண்டு 1947. அவ்வாண்டில் இயற்றப்பட்ட சென்னை மாகாணக் கோயில் நுழைவு உரிமைச் சட்டம், சாதியின் பெயரால் கோயில்களில் நுழைவு மறுக்கப்பட்டோர்க்கு அவ்வுரிமையைச் சட்டப்படி உறுதி செய்தது. சமய வரலாற்றில் இச்சட்டம் வழிபாட்டு உரிமையாகவே பேசப்படுகிறது. சிராப்பள்ளிக் குன்றில் அதற்கு மேலும் ஒரு பொருள் உண்டு. உச்சிக்குச் செல்லும் படிவழி கோயில் வளாகத்தின் ஊடாகவே செல்கிறது. கோயிலுக்குள் செல்ல இயலாதவர்க்கு உச்சிக்குச் செல்லும் வழியும் எளிதில் திறந்திருந்தது எனக் கொள்ள இயலாது. குன்றின் நிழலில் தலைமுறைகளாக வாழ்ந்தும், அதன் உச்சியிலிருந்து தம் ஊரைக் காணாத மக்கள் இருந்திருப்பர். காட்சி என்பது கண்ணுடையார் எல்லார்க்கும் இயல்பாகக் கிடைப்பது என்னும் எண்ணத்தை இது மறுக்கிறது.

9. சிகிரியாவும் இராமக்கல்மேடும்

சிராப்பள்ளியின் தனித்தன்மையை உணர, பாறையேறிக் காணும் வேறு இரு இடங்களை நோக்குவது பயன் தரும். இலங்கையின் சிகிரியாப் பாறை 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் காசியப மன்னனின் அரணாகவும் அரண்மனையாகவும் இருந்தது. மன்னனுக்குப் பின் அங்கு வந்த பார்வையாளர்கள், ஏறும் வழியிலுள்ள கண்ணாடிச் சுவரில் தம் உணர்வுகளைச் சிங்களச் செய்யுள்களாகக் கீறிச் சென்றனர். அவற்றுள் 685 செய்யுள்களைச் செனரத் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். சிராப்பள்ளியில் அரசன் பேசினான்; சிகிரியாவில் வந்து சென்றோர் பேசினர். சிராப்பள்ளிப் படிகளில் ஏறிய எண்ணற்றோரின் குரல் இவ்வாறு பதிவாகாமை ஓர் இழப்பேயாகும்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், நெடுங்கண்டத்துக்கு அருகிலுள்ள இராமக்கல்மேடு மற்றொரு வகையினது. மேற்குத் தொடர்ச்சி மலை கிழக்கே செங்குத்தாக இறங்கும் விளிம்பில் அப்பாறை நிற்கிறது. அதன் மீதிருந்து தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். அங்குக் கல்வெட்டு இல்லை. வாய்மொழி வழக்கே உண்டு. சீதையைத் தேடி வந்த இராமன் இப்பாறையில் கால்பதித்து நின்று நோக்கினான் என்பது அவ்வழக்கு. இங்கும் மலையேறிக் காண்பவன் தெய்வமே. சிராப்பள்ளி இறைவன் உரிமையோடு கண்டான். இராமக்கல்மேட்டில் இராமன் இழந்ததைத் தேடிக் காண்கிறான். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தில் நின்றன. மலைமுகடு மாநில எல்லையாயிற்று. இன்று அப்பாறையில் ஏறும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர்க்கு, கீழே தெரிவது தம் முன்னோர் மலையேறி வந்த நிலம். ஆயினும் அது வேறு மாநிலம். காணும் நிலம் காண்பவர்க்கு உரியதா என்னும் பழைய வினா, எல்லைப்புறப் பாறையில் இவ்வாறு புதிய வடிவம் பெறுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. சிராப்பள்ளிக் குன்றில் ஏறுதல், துறவியர் காலத்தில் ஊரினின்று விலகுவதற்காக அமைந்தது. பல்லவர் காலத்தில் அது காணலோடு இணைந்தது. அக்காணல் வென்ற நிலத்தின் மீதான உரிமைக் கூற்றாக இருந்தது. மகேந்திரவர்மனின் கல்வெட்டைச் சமயமாற்றச் சான்றாக மட்டும் நோக்குவது, அது தன் கோயிலுக்குத் தானே கூறும் காரணத்தைப் புறக்கணிப்பதாகும். கருவறைக்கு எதிரே கங்கை இறங்கும் சிற்பம் அமைந்திருப்பதை அக்காரணத்தோடு சேர்த்தே விளக்கவேண்டும். தலபுராண மரபு அதே நில அமைப்பிலிருந்து உறையூரின் அழிவைப் புனைந்தது. 18ஆம் நூற்றாண்டுப் போர்களில் காணல் படைத்தொழிலாயிற்று. 1947க்குப் பின்னரே, சாதி வேறுபாடின்றி மக்கள் ஏறிக் காணும் உரிமை சட்டப்படி உறுதிப்பட்டது.

பல்லவர் குடைவரை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அது உச்சிக்குச் செல்லும் வழியிலேயே இருந்தும், ஏறுவோருள் பெரும்பாலோர் அதனைக் கடந்து செல்கின்றனர். அவர்கள் எதைக் காண விரைகின்றனரோ, அக்காட்சியைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று அங்கே தூணில் நிற்கிறது. அச்செய்யுள்களின் பொருளைத் தமிழில் எழுதிக் குடைவரையின் வாயிலில் வைத்தல் எளிய பணியே. இறைவன் எழுப்பியதாகக் கூறப்பட்ட வினாவை அறிந்து உச்சிக்குச் செல்பவர், காவிரியில் நீர் பெருகினும் மணல் மட்டுமே தெரியினும், அதனை முன்னினும் கூர்ந்து காண்பர்.